ஒளிந்து நின்ற காற்றுமானி

அவைத் தலைவர் அவர்களே, மேடையில் வீற்றிருக்கும் பொறியாளப் பெருமக்களே, முன்வரிசையில் அமர்ந்து கைக்கடிகாரத்தைத் தட்டித் தட்டி என்மீது அன்பு பொழியும் பெரியோர்களே, மடியில் பிள்ளையையும் மனத்தில் பொறுமையையும் தாங்கி வந்திருக்கும் தாய்மார்களே, கதிரவனை வேலைக்கு அமர்த்திவிட்டு அவனைவிட அதிகமாகக் காயும் என் தொழிலாளத் தோழர்களே, அனைவருக்கும் பணிவான வணக்கம்.

தலைவர் என்னைக் 'காற்றை வென்ற மேலாளர்' என்று அறிமுகப்படுத்தினார். அவருடைய பெருந்தன்மைக்கு நன்றி. ஆனால் என் மனைவியும் இந்தக் கூட்டத்தில் இருக்கிறாள். ஆகவே உண்மையைச் சொல்லியே தீரவேண்டும். நான் காற்றை வென்றவன் அல்லன். காற்றிடம் ஒரு குடையையும் கொஞ்சம் கர்வத்தையும் பறிகொடுத்தவன்.

என்ன, பின்னால் சிரிப்பு? குடை எப்படிப் போனது என்றா? வருகிறேன், பொறுங்கள்.

அப்போது நான் ஒரு சூரிய மின் நிலையத்தின் மேலாளர். பன்னிரண்டாயிரம் பலகைகள். காலையில் கிழக்கே முகம் காட்டி, மாலையில் மேற்கே முகம் திருப்பி, கதிரவன் போகும் பக்கமெல்லாம் சாயும் பலகைகள். சில மனிதர்களைப் போல என்று நான் சொல்லமாட்டேன். மேடையில் நிறையப் பேர் இருக்கிறார்கள். அந்த நிலையம் எழுவதற்கு முன் மண்ணை ஆய்ந்தோம், மழையை அளந்தோம், வெயிலை எண்ணினோம். காற்றைக் கேட்டோமா? கேட்டதாகத்தான் நினைத்தோம். அலுவலக மாடியில் ஒரு காற்றுமானியை நட்டோம். வேகம் ஓர் அளவைத் தாண்டினால் எல்லாப் பலகைகளையும் தரைக்கு இணையாகப் படுக்கவைக்க வேண்டும் என்பது விதி. நிமிர்ந்த பலகை காற்றுக்குப் பாய்மரம். படுத்த பலகை வெறும் பாய்.

எங்களிடம் ஃபிட்டராக ஓர் அம்மையார் இருந்தார். தொழிலாளர்கள் அவரைத் திருகாணியக்கா என்பார்கள். தான் முறுக்கிய ஒவ்வொரு போல்ட்டின் மேலும் சிவப்புப் பெயிண்டால் ஒரு கோடு இழுப்பார். போல்ட் தளர்ந்தால் கோடு இரண்டாக விலகிக் காட்டிக்கொடுத்துவிடும். ஒரு நாள் என் அறைக்கு வந்தார்.

"சார், மேற்கு ஓரத்து வரிசைல மட்டும் வாராவாரம் கோடு விலகுது. நடு வரிசைல ஒண்ணும் ஆகல."

"நீங்க சரியா முறுக்கியிருக்க மாட்டீங்க."

"எல்லாத்தையும் முறுக்கினது இதே கைதான் சார். ஓரத்து வரிசைக்கு மட்டும் ஓரவஞ்சனை பண்ணுமா?"

"காத்துமானியப் பாருங்க. இந்த வருசம் ஒரு தடவைகூட அளவு தாண்டல. மீட்டர் பொய் சொல்லாது."

"பொய் சொல்லல சார். மாடித் தண்ணித் தொட்டிக்குப் பின்னால ஒளிஞ்சு நிக்குது."

நான் சிரித்தேன். மேற்கே வெட்டவெளி. அங்கிருந்து வரும் காற்றை ஓரத்து வரிசை முதலில் மார்பில் வாங்குகிறது. உள்ளே இருப்பவை அதன் மறைவில் சுகமாக நிற்கின்றன. அக்காவுக்கு இது தெரிந்தது. எனக்கோ பட்டம் இருந்தது. காற்றில் பறப்பதும் பட்டம்தானே?

"ஒரு நடை வந்து பாருங்க சார்" என்றார். நல்ல வெயில். அலுவலக வாசலில் குடையை விரித்தேன்; சாதுவாக நின்றது. மேற்கு ஓரத்தை அடைந்தோம். குடை ஒருமுறை வாயைப் பிளந்தது. அடுத்த கணம் பிடி என் கையில், மற்றதெல்லாம் அடுத்த வரிசைக்கு அப்பால். அக்கா சிரிக்கவில்லை, அதுதான் கொடுமை. "மாடி மீட்டர்ல எவ்வளவு காட்டுதுன்னு கேளுங்க சார்" என்றார். வாக்கிடாக்கியில் கேட்டேன். கட்டுப்பாட்டு அறை சொன்னது: "இதமான காத்து சார்."

வீட்டுக்குப் போய்ப் புதுக் குடை வேண்டும் என்றேன். நடந்ததைக் கேட்ட என் மனைவி, "குடைய அப்புறம் வாங்கலாம். முதல்ல அந்த மீட்டர் இருக்கற எடத்த மாத்துங்க" என்றாள். அம்மியே காற்றில் பறக்கும் என்று சொல்லும் மொழியில் பிறந்துவிட்டு, பலகை பறக்காது என்று நம்பிய அறிவாளி நான் ஒருவன்தான்.

மறுநாளே மேற்கு வேலியோரம் உயரமான கம்பத்தில் இன்னொரு மானியை ஏற்றினேன். முதல் வாரத்திலேயே மாடி மானியைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு காட்டியது. வடிவமைத்தவர்களுக்குக் கணக்கை மறுபடி பார்க்கச் சொல்லி எழுதினேன். பதில் வருவதற்குள் முதலாளி வந்துவிட்டார், விருந்தினர்களோடு.

பிற்பகல். கட்டுப்பாட்டு அறைத் திரையில் உற்பத்தி உச்சத்தில். முதலாளியின் முகத்தில் அதைவிட உச்சம். அப்போது கம்பத்து மானி அளவைத் தாண்டியது. மாடி மானியோ தூங்கிக்கொண்டிருந்தது.

"இவ்வளவு வெயில் அடிக்கும்போது படுக்க வைப்பாங்களா? மாடி மீட்டர் சும்மாதானே இருக்கு" என்றார் முதலாளி.

என் வாய் "சரிங்க ஐயா" என்றது. என் விரலோ படுக்கவைக்கும் பொத்தானை அழுத்திவிட்டது.

வரிசை வரிசையாகப் பலகைகள் படுத்தன. கடைசி மேற்கு வரிசை மட்டும் அசையவில்லை. வாக்கிடாக்கியில் அக்காவின் குரல்.

"சார், ஓரத்து வரிசைக்குக் கரண்ட் வரல, மோட்டார் நகரல. கையால சுத்திப் படுக்க வச்சிடறேன். ரெண்டே நிமிசம்."

"வேண்டாம்கா. அங்க இருக்கற எல்லாரையும் கூட்டிட்டு வந்துடுங்க."

"முதலாளி கேப்பாரே சார்."

"கேட்டா நான் சொல்லிக்கறேன். பலகை போனா வேற பலகை வரும். நீங்க வாங்கக்கா."

அவரை நான் அக்கா என்று கூப்பிட்டது அன்றுதான் முதல் தடவை. அக்காவும் உடனிருந்தவர்களுமாக ஆறு பேரும் உள்ளே வந்து கதவைச் சாத்தினார்கள். ஜன்னலில் புழுதி அறைந்தது. அந்த வரிசை ஒருமுறை ஆடியது, மறுமுறை ஆடியது, பிறகு வேரோடு பெயர்ந்து எழுந்தது. பக்கத்து வரிசையில் சில பலகைகளை நொறுக்கிவிட்டு விழுந்தது. படுத்திருந்த மற்ற வரிசைகள் அசையவில்லை. புழுதி அடங்கியபோது, அக்கா நின்று கைப்பிடியைச் சுற்றியிருக்க வேண்டிய இடத்தில் ஓர் இரும்புத் தூண் வளைந்து கிடந்தது.

"அந்த வரிசைக்கு யார் பொறுப்பு?" என்றார் முதலாளி.

அக்கா முகத்துப் புழுதியைத் துடைத்தார். "காத்துதாங்க ஐயா. கையெழுத்து வேணும்னா, இப்பத்தான் கிழக்கால போச்சு."

முதலாளி ஜன்னலைப் பார்த்தார். ஆறு பேரையும் ஒவ்வொருவராகப் பார்த்தார். பிறகு, "அந்த மாடி மீட்டரக் கழட்டுங்க" என்றார்.

கழற்றினோம். நான்கு மூலையிலும் மானி வைத்தோம். ஓரத்து வரிசைகளுக்குத் தூண்களை நெருக்கி, ஆழமாக இறக்கினோம். மின்சாரம் நின்றாலும் பலகைகள் படுக்க, மோட்டார்களுக்குத் தனி பேட்டரி கொடுத்தோம். காற்று வரும் நேரத்தில் வரிசைக்குள் ஆள் இருக்கக்கூடாது என்று எழுதி, அதன்கீழ் முதல் கையெழுத்தை அக்காவிடம் வாங்கினோம்.

தோழர்களே, நடுவில் நிற்பவனுக்கு எந்தக் காற்றும் தென்றல்தான். புயல் என்பது ஓரத்தில் நிற்பவனுக்குத்தான் முதலில் தெரியும். நாளை உங்கள் நிலையத்தில் ஒருவர் வந்து, "கோடு விலகுது சார்" என்பார். அப்போது மானியைக் காட்டாதீர்கள். கணக்கைக் காட்டாதீர்கள். பட்டத்தைக் காட்டவே காட்டாதீர்கள். எழுந்து அவரோடு ஓரம்வரை நடந்து போங்கள். அந்த நடைக்கு நான் சற்று முன்பே கிளம்பியிருக்க வேண்டும்.

இவ்வளவு நேரம் எழுந்து போகாமல் இருந்த உங்கள் அனைவருக்கும் நன்றி. ஓரத்து நாற்காலிகளில் இருப்பவர்களுக்குச் சிறப்பு நன்றி, வணக்கம்.