கயிற்றில் வைத்த கை

மணி பன்னிரண்டு நாற்பது. ராத்திரி இல்லை... பட்டப்பகல்.

எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோடு. எந்நேரமும் கன்டெய்னர் லாரிகள் ஒன்றின் முதுகை ஒன்று உரசிக்கொண்டு நிற்குமே, அதே ரோடுதான். அன்றைக்கு ஒரு லாரி கூட இல்லை. ஸ்டிரைக், மூன்றாவது நாள். திருவொற்றியூரைத் தாண்டியதும் சாலை வெறிச்சென்று கிடந்தது. தார் இளகும் வாசனை. தூரத்துக் கம்பெனிகளின் காரமான நெடி. வலது பக்கம் கடல். அந்தச் சாலையில் ஒரே ஒரு ஸ்கூட்டர் போய்க்கொண்டிருந்தது.

ஓட்டியவர் ரகுபதி. பின்னால் அவருடைய மகள் நீலா. வயது பத்து.

தண்டையார்பேட்டை லேத் பட்டறையில் என்னோடு வேலை பார்க்கிற விமலை உங்களுக்குத் தெரியும். அவனுடைய தாய்மாமன்தான் இந்த ரகுபதி. நடந்ததை அவரே டோல்கேட் டீக்கடையில் உட்கார்ந்து எங்கள் இரண்டு பேரிடமும் சொன்னார். நேற்று முன்தினம்தான். சொல்லி முடிப்பதற்குள் மூன்று டீ ஆறிப்போய்விட்டது.

மெழுகுவர்த்தி அங்கேயே இருக்கட்டும். கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள்... கத்திச் சொல்கிற விஷயமில்லை.

ரகுபதி பிறந்து வளர்ந்தது சின்னமேட்டுக் குப்பத்தில். அந்தச் சாலைக்கும் கடலுக்கும் நடுவே அறுபது வீடு. இன்றைக்குப் போய்த் தேடினால் கிடைக்காது. வருஷத்துக்கு ஒரு வரிசையாகக் கடல் எடுத்துக்கொண்டது. கடைசி வரிசை ஒரு நவம்பர் மழையில் போனது. ஜனங்கள் ஆளுக்கொரு திசையில் சிதறினார்கள். ரகுபதி மாத்தூரில் மூன்றாவது மாடிக்குப் போனார். ஊர் இருந்த இடத்தில் இப்போது கருங்கல் கொட்டி வைத்திருக்கிறார்கள்.

ஆனால் மனுஷன் மனசளவில் அங்கேதான் குடியிருந்தார். சாப்பிட்டுக் கை கழுவியதும் போனைத் தூக்கிக்கொண்டு உட்காருவார். குப்பத்தில் கூட வளர்ந்தவர்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குரூப். மழைநாளில் தெருவெல்லாம் மணக்கும் சுறாப்புட்டு, மீனவர் சங்கத்து டி.வி.க்கு முன்னால் இடம் பிடிக்க நடந்த அடிதடி, ஞானபாக்கியம் டீச்சரின் பிரம்பைத் திருடி மணலில் புதைத்தது... தினம் ஒன்று எழுதுவார். எல்லாவற்றையும் நீலாவுக்குப் படித்தும் காட்டுவார்.

அதிகமாக எழுதியது கரைவலையைப் பற்றி. படகில் போய்க் கடலில் வளைத்துப் போட்ட பெரிய வலையை, கரையில் நின்று கயிற்றைப் பிடித்து இழுப்பார்கள். ஒரு மைல் நீளக் கயிறு. ஊரே இழுக்கும். அதில் ஒரு வழக்கம். கயிற்றில் யார் கை வைத்தாலும் பங்கு உண்டு. நண்டுப் பையனாக இருந்தாலும் சரி, வழியில் போகிறவனாக இருந்தாலும் சரி.

ஆனால் வைத்த கையை இஷ்டத்துக்கு எடுக்க முடியாது. மீன் சேரும் மடி கரையேறுகிற வரை கை கயிற்றிலேயே இருக்க வேண்டும். போயே ஆகவேண்டும் என்றால் உன் இடத்தில் இன்னொருவன் வந்து கை வைக்க வேண்டும். அப்படி மாற்றிவிட்டுப் போனவன் அதே இழுப்பில் மறுபடி கயிற்றைத் தொடக் கூடாது.

இதெல்லாம் நீலாவுக்கு மனப்பாடம்.

"யப்பா, உன் ஊர மேப்புல தேடிப் பாத்தேன். வெறும் தண்ணிதான் கீது" என்று சிரித்தாள் ஒருநாள்.

அந்தச் சிரிப்புதான் ரகுபதியைக் கிளப்பியது. லீவு நாள். "உச்சி வெயில்ல கொயந்தயக் கூட்டிகினு எங்க போற?" என்று அவருடைய மனைவி மோகனப்ரியா கேட்டதற்கு, "எங்க ஊருக்கு" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார். இது நடந்து மூன்று வாரம் இருக்கும்.

கருங்கல் மேட்டருகே வண்டியை நிறுத்தினார். எஞ்சின் அடங்கியது. அலைச் சத்தம்... அதோடு இன்னொரு சத்தம்.

ஒரு குரல் முன்னால் பாட, பல குரல்கள் பின்னால் வாங்கிப் பாடின. வலை இழுக்கிற பாட்டு.

ரகுபதிக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. மகளின் கையைப் பிடித்துக்கொண்டு கற்களின் மேல் ஏறினார். கீழே பார்த்தார்.

மணல்.

சின்ன வயதில் ஓடிய அதே அகலத்துக்கு, வெள்ளையாக மணல். அதில் பதினைந்து பதினாறு ஆண்கள் வரிசையாக நின்று கயிறு இழுத்துக்கொண்டிருந்தார்கள். கடலைப் பார்த்தபடி, அடிமேல் அடியாகப் பின்னால் வந்துகொண்டிருந்தார்கள். முதுகுகள் மட்டும்தான் தெரிந்தன.

"யப்பா! கரைவல!" என்று குதித்தாள் நீலா.

அந்த இடத்தில் இருபது வருஷமாக மணலே கிடையாது. அது அவருக்குத் தெரியாதா? தெரியும். அந்த நிமிஷம் தோன்றவில்லை. சந்தோஷத்தில் அவர் வாயிலிருந்து வந்தது ஒரே வார்த்தை.

"ஓடு. போய்க் கை வெய்யி."

நீலா இறங்கி ஓடினாள். வரிசையின் கடைசியில் நின்று கயிற்றைப் பிடித்தாள். ரகுபதி போட்டோ எடுக்கப் போனைத் தூக்கினார்.

திரையில் மணல் இல்லை. ஆட்கள் இல்லை. கருங்கல்லில் மோதுகிற தண்ணீருக்கு மேலே... நீலா மட்டும் நின்றுகொண்டிருந்தாள்.

போனை இறக்கினார். மறுபடி மணல். மறுபடி முதுகுகள்.

இப்போதுதான் ஒழுங்காகப் பார்த்தார். கரைவலையில் ஒரு முறை உண்டு. பின்வாங்கி மேட்டுக்கு வந்துவிட்டவன், கயிற்றின் மேல் கையை ஓட்டியபடியே முன்னால் நடந்து, தண்ணீரோரம் போய் மறுபடி இழுக்க வேண்டும். இவர்களும் அப்படித்தான் போனார்கள். ஆனால் தண்ணீரோரம் நிற்கவில்லை. முழங்கால்... இடுப்பு... கழுத்து. கயிற்றோடு நடந்து உள்ளே போய்விட்டார்கள். ஒருவன் பின் ஒருவனாக. போனவன் வெளியே வரவில்லை. பாட்டு மட்டும் குறையவில்லை.

அடுத்து மேட்டுக்கு வரவேண்டியவள் நீலா.

கற்களில் முட்டி சிராய்க்க இறங்கி ஓடினார். "வுடு! நீலா, கய்த்த வுடு!"

"யப்பா... கை வரலப்பா." குழந்தையின் முகம் வெளுத்திருந்தது. ஒரு கால் ஏற்கெனவே முன்னால் எடுத்து வைத்துவிட்டது.

இழுத்துப் பார்த்தார். விரலைப் பிரித்துப் பார்த்தார். கயிற்றோடு முளைத்த விரல் மாதிரி இருந்தது. அப்புறம்தான் வழக்கம் ஞாபகம் வந்தது. அவளுடைய கைக்குப் பக்கத்தில் தன் கையை வைத்தார்.

பட்டென்று நீலாவின் கை கழன்றது.

"ஓடு. மேல ஏறி நில்லு. இன்னா ஆனாலும் கீழ வராத!"

அவள் ஓடினாள். ரகுபதி கயிற்றில் இருந்தார். அந்த வெயிலிலும் கயிறு ஐஸ் மாதிரி இருந்ததாம். மீன் வாடை இல்லை. மழையில் நனைந்த சுவர் வாடை... வீட்டு வாடை. முன்னால் நின்ற முதுகைப் பார்த்தார். தோளில் பச்சை குத்தியிருந்தது. 'பூவம்மா'. அது வேலப்பன் மாமாவின் முதுகு. அவர் கட்டுமரத்தோடு காணாமல் போனபோது ரகுபதிக்கு ஒன்பது வயது. அடுத்த முதுகையும் அடையாளம் தெரிந்தது. அதற்கடுத்ததையும். சின்னப் பையனாக வரிசையின் கடைசியில் நின்று வருஷக்கணக்காகப் பார்த்த முதுகுகள். மறக்குமா?

"பயந்தீங்களா மாமா?" என்று விமல் கேட்டான்.

"இல்லடா. அதான் பேஜாரு" என்றார் ரகுபதி. "ஜாலியா இருந்துச்சு. பாட்டுகூட பாடினேன். எனக்கு ஒரு பொண்ணு கீதுன்றதே மறந்துபோச்சு."

மேட்டுக்கு வந்தார். கால்கள் தாமாகவே முன்னால் நடந்தன. கணுக்கால். முழங்கால். இடுப்பு. தண்ணீருக்குள்ளே தெரு விளக்கு மாதிரி ஏதோ மஞ்சளாகத் தெரிந்தது. இன்னும் நாலு எட்டு வைத்தால் ஊருக்குப் போய்விடலாம்...

அப்போது அவருடைய கைக்குப் பக்கத்தில் இன்னொரு கை வந்து விழுந்தது. சின்னக் கை. உள்ளங்கை ஓரத்தில் மருதாணிச் சிவப்பு.

அவர் கை கழன்றது.

அலை அவரைக் கரையில் தூக்கி எறிந்தது. எழுந்தார். திரும்பிப் பார்க்கவில்லை. நிமிர்ந்தபோது கருங்கல் உச்சியில் நீலா நிற்பது தெரிந்தது. சொன்ன இடத்தில், சொன்னபடியே. ஓடிப்போய் அவளைத் தூக்கிக்கொண்டு வண்டியை எடுத்தவர், மாத்தூர் வந்துதான் நிறுத்தினார். வழியெல்லாம் இரண்டு கைகள் அவர் இடுப்பை இறுக்கிப் பிடித்திருந்தன. ஈரமாக.

தலை துவட்டும்போது மோகனப்ரியா கேட்டாளாம். "ஏண்டி, நேத்து கல்யாண வூட்ல வெச்ச மருதாணி எங்க?"

"கரைஞ்சு போச்சு" என்றது அந்தப் பெண்.

மருதாணி ஒரு நாளில் கரையுமா? ரகுபதி அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டார்.

அன்று ராத்திரி குரூப்பில் யாரோ எழுதியிருந்தார்கள்: 'கங்கையம்மன் கோயில் பின்னாடி ஒரு ஓலை வூடு இருந்துச்சே, யாரு வூடுப்பா அது?' ஒருவருக்கும் ஞாபகமில்லை. ரகுபதிக்கும் இல்லை. பக்கத்தில் படம் வரைந்துகொண்டிருந்த பெண், தலையை நிமிர்த்தாமல் சொன்னது.

"எங்க வூடு."

மறுநாள் மத்தியானம் அவர் தனியாகப் போனார். மணல் இல்லை. வெறும் கல்லும் தண்ணீரும். ஆனால் பாட்டு கேட்டது. கல்லுக்கு அடியிலிருந்து. பல குரல்களுக்கு நடுவே ஒரு சின்னக் குரல், தாளம் தப்பி, விம்மி விம்மி...

"யப்பா... வல இன்னும் வரலப்பா."

அவர் விழுந்து கையைத் தண்ணீரில் விட்டுத் துழாவினார். கயிறு தட்டுப்பட்டது. பிடித்தால் நழுவியது. நூறு தடவை பிடித்தார். நூறு தடவையும் நழுவியது. ஒருமுறை மாற்றிவிட்டு வந்தவன் அல்லவா, அதே இழுப்பில் அவருக்கு இடமில்லை. மூன்று வாரமாகத் தினமும் போகிறார். குரல் தினமும் கொஞ்சம் தள்ளிப் போகிறது.

இவ்வளவையும் சொல்லிவிட்டு ரகுபதி என்னைப் பார்த்தார். கண்களில் தூக்கமே இல்லை. "யாசின், நாளன்னிக்கு லீவுதானே? எங்க ஊர சுத்திப் பாக்க வர்றியா?"

நான் டீ கிளாஸைப் பார்த்தேன். "பட்டறையில வேல கீது அண்ணா" என்றேன். பொய்.

"பரவால்ல" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பை விவரிக்க எனக்குத் தெரியவில்லை.

விமல்தான் மேசையைத் தட்டினான். "இன்னா மாமா நீ! வெயில்ல மண்ட காஞ்சுபோச்சு உனக்கு. நான் வரேன். பேயும் கெடையாது, கயிறும் கெடையாது, காட்டறேன் பாரு. ஆனா திரும்பி வந்ததும் பிரியாணி உன் செலவு."

ரகுபதி அவன் கையைப் பிடித்துக்கொண்டார். ரொம்ப நேரம் விடவில்லை. "மாமன மன்னிச்சுடுடா" என்றார். விமல் கிண்டலென்று நினைத்துக்கொண்டான். நான் அப்படி நினைக்கவில்லை. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை... அந்த உறுத்தலை எப்படி ஆற்றுவது என்று தெரியாமல்தான் உங்களிடம் சொல்கிறேன்.

இன்றைக்குப் போனார்கள்.

மத்தியானம் விமல் நம்பரிலிருந்து போன். "ஹலோ" என்றேன். அலைச் சத்தம். ஒரு குரல் முன்னால், பல குரல் பின்னால். அந்தப் பல குரல்களில் ஒன்று பட்டறையில் நாள் முழுக்க என் காதில் விழுகிற குரல். சந்தோஷமாகப் பாடிக்கொண்டிருந்தது. கட் ஆனது.

அப்புறம் இங்கே கிளம்புகிற நேரத்தில் இன்னொரு போன். மோகனப்ரியா.

"யாசின் அண்ணா, இவரு உங்ககூட கீறாரா? விமலும் போன எடுக்கல." குரல் கிசுகிசுவென்று இருந்தது.

"இல்லம்மா. இன்னா ஆச்சு?"

"வாசல்ல யாரோ கதவத் தட்டறாங்க. நீலா கொரலு. 'யம்மா, நான்தான், தொற... அப்பா கீழ வண்டி நிறுத்தறாரு'ன்னு அழுவுது. கதவு ஓட்டைல பாத்தேன். நீலாவேதான். சொட்டச் சொட்ட நனைஞ்சுகினு நிக்குது."

"தொறந்துடும்மா! யோசிக்காத, மொதல்ல கதவத் தொற!" என்று கத்தினேன்.

போனில் மூச்சுச் சத்தம் கேட்டது. அவளுடையது ஒன்று. அவளுக்குப் பக்கத்தில், போனுக்கு ரொம்பக் கிட்டத்தில், இன்னொன்று.

"எப்பிடி அண்ணா தொறக்கறது?" என்றாள். "இது என் கையப் புடிச்சுகினு கீது... வுட மாட்டேங்குது."