கத்துற பிரேக்

சிகாமட் நகரின் வாகன உதிரிபாகக் கடையில், வரிசையில் எனக்கு முன்னால் நின்ற அம்மா கேட்டார்: “தம்பி, கொஞ்சம் கத்துற பிரேக் பேட் இருக்கா?”

கடைக்காரர் விழித்தார். “அக்கா, உங்க பிக்அப்ல பேட் தேஞ்சி டிஸ்க்கையே அறுத்துருச்சி, அதான் கத்துது. ரெண்டையும் மாத்தலன்னா வண்டி நிக்காது லா.”

“மாத்துங்க. ஆனா இவரு முக்குல திரும்புற சத்தம் கேட்டாத்தான் டிவி நாடகத்த நிறுத்திட்டு தே தண்ணி கலக்குவேன்.”

“அலமாக்!” என்று அதிர்ந்தார் பக்கத்தில் நின்ற கணவர். “வாசலையே பாத்துக்கிட்டு இருக்கேன்னு சொன்னியே? சரி, இனிமே ஹோன் அடிக்கிறேன்.”

“ரெண்டு தடவ அடிங்க. நாடகம் சத்தமா ஓடும்.”

நானும் என் காரின் கீச்சலை நிறுத்தத்தான் வந்திருந்தேன். நான் வீடு சேரும்போதெல்லாம் மேசையில் ஆவி பறக்க மனைவி கலக்கிய தேநீர் இருக்கும். இத்தனை வருஷமாய் அதை அன்பு என்று நம்பியிருந்தேன்.

பேடோடு ஒரு பெரிய ஹோனும் வாங்கிக்கொண்டேன்.