குழித்தறியில் கால் வைத்த காம்பவுண்டர் சிங்கராயருக்கு

வெள்ளம் வந்த அன்று வீட்டிலிருந்து முதலில் எதைத் தூக்கினாய் என்று ஆரணியின் தறித்தெருக்களில் யாரும் யாரையும் கேட்பதில்லை. சங்கம் போட்ட தீர்மானம் அன்று. ஊர் கூடி விதித்த கட்டுப்பாடும் அன்று. ஆயினும் இந்த எட்டு ஆண்டுகளில் சம்பந்திகளும் சண்டைக்காரர்களும் ஒருசேர மதித்துவரும் ஒரே விதி அதுதான். அந்த விதியைத் தாமும் மீறாமல், பிறரையும் மீறச் சொல்லாமல், அதன் அடியில் மூச்சுமுட்டிக் கிடந்தவர்களை மட்டும் ஒருவர் ஒருவராக மேலே கொண்டுவந்த மேன்மையாளரே!

மாத்திரை எண்ணும் விரல்களால் மனத்தின் பாரமும் அறிந்த மதியாளரே! முப்பத்து மூன்று ஆண்டுகள் ஒரே முக்காலியில் அமர்ந்து, முகம் சுளிக்காமல், முறை பிறழாமல், ‘காம்பவுண்டர் சார்’ என்று மக்கள் தந்த பட்டம் ஒன்றையே மகுடமாகச் சூடிய மாண்பினரே! எங்கள் நெசவாளர் நல மருந்தகத்தின் நெஞ்சமே! நேரந்தவறாமை, நேர்மை, நிதானம் என்று பிரிவுபசார மடல்கள் வழக்கமாகச் சொல்வன எல்லாம் தங்களுக்குப் பொருந்தும். நல்ல கையெழுத்து என்பது மட்டும் பொருந்தாது. ஆதலால் அவற்றை இங்கேயே சொல்லி முடித்துவிட்டு, அடைமொழிகளுக்குள் அடங்காத ஒன்றைத் தருமன் என்னும் நெசவாளரின் வாழ்விலிருந்து எடுத்துரைக்க விழைகின்றோம். அவருடைய சம்மதத்தோடுதான் எழுதுகின்றோம்.

1996, ஐப்பசி. ஆறு நாள் அடைமழைக்குப் பின் ஒரு காலையில் கமண்டல நாகநதி கரை கடந்தது. நெசவாளர் வீட்டுக்குள் வெள்ளம் வாசல்வழி வருவதற்கு முன்பே தறிக்குழியில் ஊறத் தொடங்கிவிடும். தருமன் அப்போது குழியில் கால்களை விட்டு நெய்துகொண்டிருந்தார். கால்விரல் நுனியில் ஈரம் பட்டது; குனிந்து பார்ப்பதற்குள் கணுக்கால் நனைந்தது; எழுவதற்குள் முழங்கால் முழுகியது. மனைவி கெங்கம்மாள் களம்பூரில் தாய்வீட்டில் இருந்தார். தறியில் இருந்தது முகூர்த்தப் புடவைக்கு நீளவாக்கில் கோத்த பட்டிழைகளான பாவு. பின்னறையில், இடுப்பெலும்பு முறிந்து, கயிற்றுக் கட்டிலில் கிடந்தார் தந்தை சடையப்பன். மாலையில் தண்ணீர் வடிந்தபோது, பாவு ஓர் இழையும் நனையாமல் உத்தரத்தில் தொங்கியது. பின்னறையின் மண்சுவர் கட்டிலின்மேல் விழுந்து கிடந்தது.

ஊர் தருமனைப் புகழ்ந்தது. “அம்மாந் தண்ணியில ஒரு எழ நனையலியேப்பா! கையா அது!” என்று டீக்கடையில் தோளைத் தட்டினார்கள். புகழ்ச்சி கேட்ட நாளெல்லாம் தருமன் தாங்கள் மருந்து தரும் சாளரத்தில் வந்து நின்றார். “கால் எரியுதுங்க சார், எதனா களிம்பு குடுங்க” என்பார். தறிக்குழியில் அவரால் இரண்டு நிமிடம் இருக்க முடியவில்லை. கால்களை வெடுக்கென வெளியே இழுப்பார், துண்டால் துடைப்பார், மறுபடி இறக்குவார், மறுபடி இழுப்பார். உலர்ந்த பாதங்களைத் துடைத்துத் துடைத்தே தோல் உரிந்துவிட்டது. தை பிறந்தபோது தறியின் ஓசை அடியோடு நின்றது. பன்னிரண்டு வயதில் தறியில் இறங்கியவர். வேறொரு தொழிலும் அறியாதவர். இனி ஒருநாளும் அந்தக் குழியில் இறங்க முடியாதோ என்ற அச்சம் அவரைத் தின்றது. அதைவிட, ஏன் முடியவில்லை என்பதைச் சொல்ல வாயில்லாமை அவரை அதிகமாகத் தின்றது.

அச்சம் அவருக்கு மட்டுமா இருந்தது? வானம் கறுத்தால் தங்கள் சாளரத்தின்முன் வரிசை நீண்டது. ஒருவருக்குத் தலைவலி, ஒருவருக்கு நெஞ்சடைப்பு, ஒருவருக்கு நான்கு நாளாகக் கண் மூடவில்லை. வெயில் அடித்தால் வரிசை இல்லை. நோயாளிகளை நாள்தோறும் கண்ட நாங்கள் எவரும் இதைக் காணவில்லை. நாட்காட்டியில் மழைநாளைப் பென்சிலால் குறித்துவைத்த தாங்கள் கண்டீர்கள். தலைவலி என்பது, வேறு சொல் கிடைக்காத ஓர் ஊர் தன் துக்கத்துக்கு உடுத்திய உடை என்பதைத் தாங்களே எங்களுக்குப் புரியவைத்தீர்கள். தங்கள் வீடும் ஆற்றோரம்தான். தண்ணீர் வடிந்த மூன்றாம் நாள், இரவல் சட்டை அணிந்துவந்து சாளரத்தைத் திறந்தீர்கள். விதி எங்களையும் கட்டியிருந்ததால் நாங்கள் எதுவும் கேட்கவில்லை.

தங்கள் வற்புறுத்தலால் வேலூரிலிருந்து மனநல மருத்துவர் மாதம் இருமுறை வரலானார். பலகை மாட்டினோம், ஒருவரும் வரவில்லை. “பைத்தியக்கார டாக்டராண்ட போனேன்னு தெரிஞ்சா எவன் பொண்ணு குடுப்பான்?” என்றார் ஒருவர். தாங்கள் பலகையைக் கழற்றினீர்கள். மழைநாளில் வந்தவர்களிடம், “கையெல்லாம் நோவுது. மாத்திரைக்குக் கவர் மடிக்கணும். மழ வுடற வரைக்கும் உக்காந்து மடிச்சிக் குடுங்களேன்” என்றீர்கள். நெசவாளர் கைகள் சும்மா இருக்குமா? நீண்ட பெஞ்சில் நெருங்கி அமர்ந்தார்கள். கை ஓட ஓட வாய் திறந்தது. வேலூர் மருத்துவரும் அவர்கள் நடுவே அமர்ந்து கோணல்மாணலாக மடித்தார். “படிச்சவருங்க, ஒரு கவரு மடிக்கத் தெரில பாரு!” என்ற கேலியில் தொடங்கிய பழக்கம், மெல்ல மெல்ல, உள்ளறையில் அவரோடு தனியே பேசும் துணிவாக வளர்ந்தது. மருந்து தேவைப்பட்டவர்கள் மருந்து பெற்றார்கள். பேச்சுத் தேவைப்பட்டவர்கள் பேசினார்கள்.

தருமனோ மலைமலையாகக் கவர் மடித்தார். தறியில் மட்டும் இறங்கவில்லை. 1997 ஆடியில் ஒரு மூட்டமான முற்பகலில் தாங்கள் அவர் வீட்டுக்கே சென்றீர்கள். அறிவுரை ஒன்றும் சொல்லவில்லை. கால்சட்டையை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு, அவருடைய தறிக்குழியில் தாங்களே இறங்கி அமர்ந்தீர்கள். தருமன் சுவரோரம் நின்று தங்கள் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அரைமணி நேரம் சென்றது. குழியில் தண்ணீர் வரவில்லை. சும்மா இருக்க அலுத்துப்போய்த் தாங்கள் குறுக்கிழை ஓட்டும் நாடாவை எடுத்து ஒரு வீசு வீசினீர்கள். இழைகள் படபடவென அறுந்தன. விடாமல் மறுபடியும் வீசினீர்கள்!

கெங்கம்மாள் தலையில் அடித்துக்கொண்டார். “ஐயோ காம்பவுண்டர் சார்! மாத்திர எண்ற கைக்கு இந்தப் பேஜார் எதுக்குங்க? அறுந்துகினே போவுது, நீங்க வேற ஓட்டிகினே கீறீங்களே!”

“இன்னும் நாலு எழ பாக்கி இருக்குதும்மா, அதையும் அறுத்துட்டு எழுந்துக்கறேன்” என்றீர்கள் தாங்கள்.

ஒன்பது மாதத்தில் முதன்முறையாகத் தருமன் சிரித்தார். சிரித்தபடியே, “எந்திரிங்க சார், எந்திரிங்க” என்று தங்களை நகர்த்திவிட்டுக் குழியில் இறங்கி, அறுந்த இழைகளை ஒன்றொன்றாகப் பிணைக்கத் தொடங்கினார். பதினேழாம் இழையைப் பிணைக்கும்போதுதான் தம் கால்கள் எங்கே இருக்கின்றன என்பதை உணர்ந்தாராம். உணர்ந்தும் வெளியே இழுக்கவில்லை. அன்று ஒரு விரற்கடை நெய்தார். மறுநாள் ஒரு சாண். பின்னும் பல மழைநாளில் பாதம் எரிந்தது. அப்போதெல்லாம் பெஞ்சுக்கு வந்தார். இப்போதும் வருகிறார், புதிதாக வருபவர்களுக்கு மடிக்கக் கற்றுக்கொடுக்க.

பெருந்தகையீர்! தாங்கள் எங்களுக்குத் தந்ததை எந்தச் சொல்லால் திருப்பித் தருவோம்? தாங்கள் தொழும் இறைவன் தங்களுக்கு நோயில்லா நெடுவாழ்வு அருளட்டும். தங்கள் இல்லத்தார் சூழ்ந்திருக்கட்டும். மழை பெய்யும் நாளிலும் தங்களுக்கு ஆழ்ந்த உறக்கம் வாய்க்கட்டும் என்று நன்றியால் நனைந்த நெஞ்சினராய் வாழ்த்தி வணங்குகின்றோம்.

ஆரணி
31.5.2004

தங்கள் அன்பில் வளர்ந்த
நெசவாளர் நல மருந்தகப் பணியாளர்கள்

இம்மடலை அச்சுக்குத் தருமுன் பெஞ்சில் இருந்தவர்களுக்குப் படித்துக் காட்டினோம். தருமன் எழுந்து நின்று, எங்கள் கையொப்பத்துக்குக் கீழே கொஞ்சம் இடம் விடச் சொன்னார். எல்லோர் முன்னிலையிலும் அவர் சொன்னதை, அவர் சொன்னபடியே தருகின்றோம்:

“அன்னிக்கு நான் மொதல்ல பாவுதாங்க தூக்கினேன். நைனா உள்ளேர்ந்து கூப்ட்டுகினே இருந்தாரு. ‘தோ வந்துட்டேன் நைனா’ன்னு சொல்லிகினே பாவ மேல கட்னேன். கட்டி முடிக்கறதுக்குள்ள செவுரு வுழுந்துட்ச்சி. இத இப்டியே எழுதி, கண்ணாடி போட்டு மாட்டுங்க. யாரு வேணா படிக்கட்டும். சார், நாளையிலேர்ந்து உங்களுக்கு ட்யூட்டி இல்ல. எங்க வூட்டுக்கு வாங்க, தறியாண்ட குந்துங்க. இத்தினி வருசமா உங்கள ஒருத்தரும் கேக்கல. நான் கேக்கறேன். தண்ணி வந்தப்ப நீங்க மொதல்ல எதத் தூக்கினீங்க?”