புதன்கிழமைக் குழம்பை நிறுத்தியது யார்

நான் பெரிய சாப்பாட்டுக்காரன் இல்லை. புதன்கிழமை மட்டும் இரண்டு தட்டு சாப்பிடுவேன். எங்கள் கேன்டீனில் புதன்கிழமைதான் டெசாங்கா பீன்ஸ் குழம்பு வைப்பார். புகைபோட்ட விலா எலும்பைச் சேர்த்து, காலை ஆறு மணிக்கே அடுப்பில் ஏற்றிவிடுவார். பத்து மணிக்கு அந்த வாசனை பாலிஷ் பட்டறை வரைக்கும் வந்துவிடும். இந்தக் குழம்பின் மேல் எனக்கு எந்தப் பகையும் கிடையாது. விசாரணைக் குழு அதை முதலில் குறித்துக்கொள்ள வேண்டும்.

என் பெயர் மிலுட்டின். மொராவா ஆற்றங்கரையில் கதவுக் கைப்பிடி செய்கிற எங்கள் தொழிற்சாலையில் இருபத்தாறு வருஷம் சங்கத் தலைவராக இருந்தேன். அந்தக் காலத்தில் என் அறை வாசலில் எப்போதும் கூட்டம் நிற்கும். கூரை ஒழுகும், கையுறை கிடைக்காது, மேஸ்திரி அம்மாவை இழுத்துத் திட்டுவான். ஒவ்வொன்றுக்கும் நான் மாடிக்குப் போய் இயக்குநரின் மேஜையைத் தட்டுவேன். கீழே இறங்கி வரும்போது எல்லோரும் என் முகத்தைப் பார்ப்பார்கள். அப்படிப் பார்க்கப்படுவது ஒரு மனிதனுக்கு நல்லது.

மூன்று வருஷத்துக்கு முன் ஸ்லோவேனியாக்காரர்கள் தொழிற்சாலையை வாங்கினார்கள். யெர்னே என்று புது இயக்குநர் வந்தார். முப்பத்து நான்கு வயது. கொடுமைக்காரராக இருப்பார் என்று நம்பிக்கையோடு காத்திருந்தேன். அவரோ முதல் நாளே நாற்காலிகளை வட்டமாகப் போட்டு எல்லோரையும் உட்காரவைத்து, “உங்களுக்கு என்ன வேணும்னு நீங்களே சொல்லுங்க” என்றார். வியாழக்கிழமைதோறும் கூட்டம். வாசலில் ஒரு யோசனைப் பெட்டி. பெயர் போட வேண்டாம், ஒரு சீட்டில் எழுதிப் போட்டால் போதும். அதிகம் பேர் கேட்பதை அப்படியே செய்வேன் என்றார். செய்யவும் செய்தார். தொல்லை அங்கேதான் ஆரம்பித்தது.

கூரை சரியானது. கையுறை மூன்று அளவில் வந்தது. சங்கத்தில் இருநூற்றுப் பதினொரு பேர் பத்தொன்பது பேரானார்கள். அதில் நான்கு பேர் இறந்துபோனவர்கள். மரியாதைக்காகப் பெயரை அடிக்காமல் வைத்திருந்தேன்.

சரக்குத் தூக்கும் வண்டி ஓட்டுகிற டிகோமிர் ஒருகாலத்தில் எங்கள் சங்கத்தின் தூண். தினமும் ஒரு சண்டையோடு வருவான். அவனைத் தேடிப் போனேன்.

“முதுகுவலி எப்படி இருக்கு?”

“போயிடுச்சுண்ணே. வண்டியில புது மெத்தை போட்டுட்டாங்க.”

“மேஸ்திரி இன்னும் திட்றானா?”

“மன்னிப்புக் கேட்டான். கட்டிப் பிடிச்சு அழுதான்ணே, பாக்கவே சங்கடமா இருந்துச்சு.”

“நல்லா யோசிச்சுப் பாரு. ஒரு குறைகூடவா இல்ல?”

“இருக்கு. நீங்க தினம் வந்து இதையே கேக்குறீங்களே, அது.”

குறையே இல்லாத தொழிலாளி பாவம். அவன் கொஞ்சம் கொஞ்சமாகத் தூங்கிப்போகிறான். அவனை எழுப்புவது தலைவனின் கடமை. அதனால் சின்னச் சின்ன உதவிகள் செய்தேன். முதலில் கக்கூஸ் கதவுகளின் தாழ்ப்பாள்களைக் கழற்றி ஆற்றில் போட்டேன். ஊருக்கெல்லாம் கைப்பிடி செய்கிறவனுக்குத் தன் கதவில் தாழ்ப்பாள் இல்லை என்றால் ரத்தம் கொதிக்கும் என்று நினைத்தேன். வியாழக்கிழமை கூட்டத்தில் பேசினார்கள். அடுத்த வாரம் புதுக் கக்கூஸே வந்துவிட்டது, உட்காரும் இடம் வெதுவெதுப்பாக.

ஜனவரியில் உடைமாற்றும் அறையின் வெந்நீர்க் குழாயைத் தளர்த்திவிட்டேன். நான்கே நாளில் கட்டடம் முழுக்கப் புதுக் குழாய். சாப்பாட்டு நாற்காலிகளின் திருகுகளை எடுத்தேன். சாய்மானத்தோடு புது நாற்காலி வந்தது. சென்ற வருஷம் நல்ல பணியிடத்துக்கான மாவட்டப் பரிசு எங்களுக்குக் கிடைத்தது. அதில் பாதிக்கு மேல் என் உழைப்பு. மேடையில் யாரும் என் பெயரைச் சொல்லவில்லை. நானும் பொறுத்துக்கொண்டேன்.

பிறகுதான் பெட்டியை யோசித்தேன். மதிய இடைவேளைகளில் சங்க அறைக் கதவைச் சாத்திக்கொண்டு இடது கையால் நாற்பத்து மூன்று சீட்டுகள் எழுதினேன். எல்லாவற்றிலும் விஷயம் ஒன்றுதான்: புதன்கிழமை பீன்ஸ் குழம்பு வயிற்றை உப்ப வைக்கிறது, அதற்குப் பதிலாக ஆவியில் வேகவைத்த பிராக்கோலி வேண்டும். ஒரே மாதிரி இருக்கக் கூடாது என்று சிலவற்றில் எழுத்துப்பிழை விட்டேன். ஒன்றில் எண்ணெய்க் கறைகூட வைத்தேன். தினமும் ஏழெட்டாகப் போட்டுவந்தேன். எந்தக் கோரிக்கைக்கும் அதற்கு முன் பதினைந்து சீட்டுக்கு மேல் விழுந்ததில்லை.

யெர்னே இரண்டு முறை எண்ணிப் பார்த்தாராம். அவரும் அந்தக் குழம்பில் ரொட்டியைத் தொட்டு வழித்துச் சாப்பிடுகிறவர்தான். ஆனாலும் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார்.

அந்தப் புதன்கிழமை வரிசையில் முதலில் டிகோமிர் நின்றான். தட்டைப் பார்த்தான்.

“அலங்காரம் பிரமாதம்க்கா. குழம்பு எங்க?”

“அதான்யா உன் குழம்பு” என்றார் டெசாங்கா.

வரிசையில் நின்ற இருநூறு பேரும் அவன் தட்டை எட்டிப் பார்த்தார்கள். டிகோமிர் ஒரு துண்டை வாயில் போட்டான். மென்றான். கண்ணில் தண்ணீர் வந்தது. எங்கள் சங்கம் மறுபடி பிறந்துவிட்டதை அப்போதே உணர்ந்தேன்.

சமையலறையில் டெசாங்கா தலைத்துணியால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். “பதினேழு வருஷமா தட்ட நக்கித் தின்னுட்டு, இப்ப வயிறு உப்புதாம். எந்த நாய் எழுதுச்சோ, அது கையில புண்ணு வர!”

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். “கண்டுபிடிக்கிறேன் டெசாங்கா. விடமாட்டேன்” என்றேன். மீந்துபோன வெற்றுச் சீட்டுகள் அப்போது என் சட்டைப் பையில் இருந்தன.

முதலில் அவர்களுக்குள்ளேயே சந்தேகம் கிளம்பியது. ஒல்லியாக இருந்த காரணத்துக்காக ஒருவரைப் பொதிகட்டும் பிரிவில் சூழ்ந்துகொண்டார்கள். இது தொழிலாளருக்கு நல்லதல்ல என்று நான் தலையிட்டேன். “நம்ம ஆளு எவனாவது பிராக்கோலி கேப்பானா? மாடியில உக்காந்து இயக்குநரே எழுதிக்கிட்டார்” என்றேன். ஒரே பகலில் நூற்று எண்பத்தெட்டு பேர் சங்கத்தில் சேர்ந்தார்கள். பதினோரு நாள் வேலைநிறுத்தம். வாசலில் அண்டா வைத்து டெசாங்கா எங்களுக்கு மட்டும் குழம்பு காய்ச்சினார்.

ஆறாம் நாள் யெர்னே பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வெளியே வந்தார். “நீங்க கேட்டதைத்தானே செஞ்சேன்? இதோ பாருங்க” என்று சீட்டுகளைக் காட்டினார்.

டிகோமிர் ஒன்றை வாங்கிப் பார்த்தான். “எங்க கையெழுத்தா இது? கோழி கிறுக்குனாக்கூட இதைவிட லட்சணமா இருக்கும்.”

அது எனக்குக் கொஞ்சம் வலித்தது. காட்டிக்கொள்ளவில்லை.

கம்பெனி அவரைத் திருப்பி அழைத்துக்கொண்டது. பேருந்து நிலையம் வரை நான்தான் அவருடைய துணிப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனேன். “நான் என்னதான் தப்பு பண்ணேன்?” என்று கேட்டார்.

“எங்கள என்ன வேணும்னு கேட்டீங்களே சார், அதுதான்” என்றேன். அவர் என்னைக் கட்டிக்கொண்டார். நல்ல மனிதர்.

அடுத்து வந்த இயக்குநர் வட்டமாகப் போட்டிருந்த நாற்காலிகளை விற்றார். வியாழக்கிழமை கூட்டம் நின்றது. கக்கூஸுக்கு நான்கு நிமிஷம் என்று மணி வைத்தார். கேன்டீனையே மூடி, டெசாங்காவை வீட்டுக்கு அனுப்பினார். மேஸ்திரி மூன்று வருஷம் அடக்கிவைத்த வசவையெல்லாம் ஒரே வாரத்தில் திட்டித் தீர்த்தான். என் அறை வாசலில் வரிசை மாடிப்படி வரை நின்றது. டிகோமிர் முதுகைப் பிடித்துக்கொண்டு மூன்றாவது ஆளாக நின்றான். முதுகுவலி எப்படி இருக்கு என்று ஆசையோடு கேட்டேன்.

டெசாங்கா வராமல் இருந்திருந்தால் இன்னும் நன்றாகப் போயிருக்கும். ஊருக்குக் கிளம்பும்போது யெர்னே அந்தச் சீட்டுகளை அவரிடம்தான் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். அவர் ஒவ்வொன்றாக உட்கார்ந்து படித்திருக்கிறார். என் மேஜைமேல் வரிசையாகப் பரப்பினார்.

“மிலுட்டின், கடைசி வரியப் படி.”

படித்தேன். நாற்பத்து மூன்று சீட்டிலும், எழுத்துப்பிழை உள்ளதிலும் இல்லாததிலும், கீழே ‘தோழமை வணக்கத்துடன்’ என்று இருந்தது. இருபத்தாறு வருஷப் பழக்கம், கை தானாகப் போட்டுவிட்டது.

“தோழமை வணக்கம் சொல்லி பிராக்கோலி கேக்குற ஆளு இந்த ஊர்ல எத்தன பேருய்யா?” என்றார்.

உடனே விசாரிக்கிறேன் என்றேன். அவர் காத்திருக்கவில்லை. சீட்டுகளை அறிவிப்புப் பலகையில் குத்திவிட்டுப் போய்விட்டார்.

ஆகவே ஒப்புக்கொள்கிறேன். சீட்டு எழுதியது நான். குழம்பை நிறுத்தியது நான். யெர்னே போனதும், டெசாங்காவின் வேலை போனதும், கேன்டீன் மூடியதும் என்னால்தான். போன வாரம் பொதுக்குழுவில் என்னை நீக்கும் தீர்மானம் வந்தது. சங்கத்தில் இன்று இருநூற்று மூன்று பேர், எல்லோரும் உயிரோடு இருப்பவர்கள். இருநூற்று இரண்டு கைகள் ஒரே நேரத்தில் எழுந்தன. ஒரு கையால் கெட்டுப்போக வேண்டாம் என்று நானும் தூக்கினேன். இந்தத் தொழிற்சாலையை இப்படி ஒரே மனதாக நிற்கவைத்த தலைவர் எனக்கு முன்னால் யாரும் இருந்ததில்லை. அதையும் உங்கள் அறிக்கையில் சேர்த்துவிடுங்கள்.