கிளி, யானை, தாமரை

ரப்பரில் மயிலை வெட்டுவதைவிடக் கிளியை வெட்டுவது எளிது. மயிலுக்குத் தோகை முழுக்கக் கண் வேண்டும். பிளேடு ஒரு நூல் பிசகினால் இரண்டு கண் ஒன்றாகிவிடும். கிளிக்கு வளைந்த மூக்கும் நீண்ட வாலும் போதும். மிச்சத்தைப் பார்ப்பவர்கள் தாங்களே நிரப்பிக்கொள்வார்கள். உங்கள் மேசைமேல் இருக்கும் அந்தக் கிளி நான் வெட்டியதுதான். நீங்கள் அதைத்தான் முதலில் கேட்டீர்கள் என்பதால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

என் பெயர் சுந்தரலிங்கம். ஹட்டன் கடைவீதியில் ஜவுளிக்கடை. கடை அப்பா காலத்தது. அச்சு வேலை மட்டும் நான் தொடங்கியது. சப்பாத்துக் குதிக்கு வைக்கிற ரப்பரை வாங்கி, படம் வெட்டி, மரக்கட்டையில் ஒட்டி, மை ஊறிய கம்பளித் துண்டில் தொட்டுத் துணியில் வைத்து அழுத்துவது. அவ்வளவுதான் தொழில். தீபாவளிக்கு முன்னால் லிந்துலையிலிருந்தும் றொசல்லையிலிருந்தும் பெண்கள் வந்து வெள்ளை வாயில் புடவை எடுப்பார்கள். கரைக்கு மாங்காயா கொடியா என்று அவர்கள் சண்டை பிடித்து முடிப்பதற்குள் நான் இரண்டு முழம் அச்சடித்துவிடுவேன்.

நான் பத்திரிகை படிக்கிறவன். எதையும் யோசித்துச் செய்கிறவன் என்று கடைவீதியில் பெயர் உண்டு. யாரைப் பற்றியாவது ஒரு பேச்சு அடிபட்டால், நீ கண்ணால் பார்த்தாயா என்றுதான் முதலில் கேட்பேன். இந்த விஷயத்திலும் அப்படித்தான் நடந்துகொண்டேன்.

லிந்துலைப் பக்கத்துத் தோட்டத்துத் துரைசாணி ஆடி மாதம் கடைக்கு வந்தார். தாய்மார் கொழுந்து பறிக்கப் போகும்போது கைப்பிள்ளைகளை விட்டுப்போகும் பிள்ளைக்காம்பராவில் துணிகள் மாறிப்போகின்றன, அதனால் தினமும் சண்டை என்றார். பெயர் எழுதினால் படிக்க ஆள் இல்லை. ஆகவே பிள்ளைக்கு ஒரு படம். கிளி, குடம், மீன், பூசணிக்காய். எந்தப் படம் என்பதைத் தாயே சொல்லட்டும் என்று தோட்டத்து ஆட்கள் மேல் டிவிசன் பெண்களிடம் கேட்டு வந்து சொன்னார்கள். பூரணி என்ற பெண் கிளி கேட்டிருந்தாள். அவளுடையது ஆண் பிள்ளை. அந்தக் காம்பராவிலேயே ஆகச் சின்னது.

ஆடி மழையில் என் வழக்கமான மை நிற்காது. அச்சடித்த மறுநாளே கோடு கசிந்து, மீனுக்குத் தாடி முளைத்துவிடும். அந்தச் சமயத்தில்தான் கொழும்பு வியாபாரி ஒருவர் ஒரு டின் புது மை கொண்டுவந்தார். மூடியைத் திறந்தால் சப்பாத்துப் பாலிஷ் வாடை. என் மனைவி சீதாலெட்சுமிக்குத் தலை சுற்றியது, எனக்கும்தான். ஆனால் அப்படி ஒரு கறுப்பை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. கிளியின் இறகில் நான் வெட்டிய ஒவ்வொரு கீறலும் துணியில் தெரிந்தது. தன் கைவேலை அப்படித் தெளிவாக விழுவதைப் பார்க்கும்போது மனிதனுக்கு ஒரு சந்தோஷம் வரும். உங்களுக்கு அது புரியாமல் இருக்கலாம்.

துணிகளை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். பிள்ளைக்காம்பரா ஆயா காளியாயி ஒரு துணியை எடுத்து மூக்கருகே வைத்துப் பார்த்தாள்.

"என்னாங்க முதலாளி, பேயோட்டுற வாடை அடிக்குது. கொதிக்கிற வெந்நீர்ல ஒரு தடவ போட்டு எடுத்துட்டுத்தாங்க கட்டணும்."

பால் கொடுக்க வந்திருந்த பூரணிக்கு அது பிடிக்கவில்லை.

"ஏன் ஆயா, ஒங் கண்ணுக்குப் புதுசே ஆவாதா? எம் புள்ள பொறந்த நாள்லருந்து அவுங்கப்பன் கிழிஞ்ச வேட்டியிலதான் கெடக்கு. ஒரு நாளாச்சும் கோடி கட்டட்டும். மஞ்ச வச்சுக் குடு."

"அதானே, நனைச்சிட்டா அப்புறம் அது என்னா கோடி?" என்றாள் இன்னொருத்தி.

காளியாயி என் பக்கம் திரும்பினாள். "நீங்க சொல்லுங்க முதலாளி. நீங்க சொன்னா இவளுக கேப்பாளுக."

மறுநாள் காலை துரைசாணி பார்க்க வருவதாக இருந்தது. வெந்நீரில் போட்ட துணி சுருங்கும். அந்த மழையில் நாலு நாளைக்குக் காயாது. அதோடு புதுத்துணியை நனைக்காமல், ஓரத்தில் மஞ்சள் தொட்டு உடுத்துவதுதான் நம் வழக்கம். வழக்கத்தை நான் உண்டாக்கவில்லை.

"கட்டட்டும் ஆயா," என்றேன். "கோடிக்கு மஞ்சதான் வைப்பாங்க, தண்ணியா ஊத்துவாங்க?"

எல்லோரும் சிரித்தார்கள். காளியாயியும் சிரித்துக்கொண்டு மஞ்சள் எடுக்கப் போனாள்.

துரைசாணி பார்த்துவிட்டுப் போன அன்று மாலையே இரண்டு மூன்று பிள்ளைகள் பால் குடிக்காமல் சோர்ந்து கிடந்தன. பூரணியின் பிள்ளைக்கு உதடு நாவற்பழ நிறமாயிற்று. நகங்களும் அப்படியே. தோட்டத்தில் மருந்து கொடுக்கிற டிஸ்பென்சர் ஐயா வந்து குளிர் நெஞ்சில் இறங்கிவிட்டது என்றார். விடிவதற்குள் பிள்ளை போய்விட்டது. மற்றவை ஒரு நாளில் தேறிவிட்டன.

துக்கம் கேட்கப் போனேன். பூரணியின் புருஷன் சோலைமலை, தொழிலாளர் வரிசை வீடான லயத்து வாசலில் மழையில் நனைந்துகொண்டு உட்கார்ந்திருந்தான். உள்ளே பிள்ளையைக் குளிப்பாட்டுவதற்காகத் துணியை அவிழ்த்தார்கள். அதன் இடுப்பில் கிளி இருந்தது. துணியில் கிளி வலப்பக்கம் பார்க்கும். பிள்ளையின் தோலில் அது இடப்பக்கம் பார்த்தது. அதாவது என் ரப்பரில் எப்படி இருக்கிறதோ அப்படி. துணிக்குத் திரும்பிய கிளி மறுபடியும் தோலுக்குத் திரும்பியிருந்தது. மஞ்சள் தேய்த்தும் போகவில்லை. அங்கிருந்தவர்களில் அதன் பொருளை யோசித்தவன் நான் ஒருவன்தான் என்று நினைக்கிறேன்.

மற்றவர்கள் காளியாயியைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தார்கள்.

"அழுவாம கெடக்கட்டும்னு வெரல்ல அபினத் தொட்டு நாக்குல தடவிப்புட்டா."

"வெந்நீரு வெந்நீருன்னு நின்னாளே, அப்பவே நமக்குத் தெரிஞ்சிருக்கணும். எதையோ வச்சிருக்கப் போயிதான் கழுவணும்னு நின்னிருக்கா."

"புருசனத் தின்னவ. அவ கையில புள்ளைகளக் குடுத்தமே, நம்மளச் சொல்லணும்."

நான் குறுக்கிட்டு, "கண்ணால பாத்தீங்களா?" என்று கேட்டேன். அன்று அந்த வீட்டில் அவளுக்காகப் பேசிய ஒரே ஆள் நான். இதைச் சோலைமலையிடம் கேட்டால் அவனே சொல்வான்.

காளியாயி பயத்தில் மீதித் துணிகளை எல்லாம் அவித்துப் போட்டிருந்தாள். அதன்பிறகு அங்கே எந்தப் பிள்ளைக்கும் ஒன்றும் ஆகவில்லை. அப்படியும் சனம் ஆறவில்லை. அவள் வேலைக்கு வரக்கூடாது என்றார்கள். காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக்களத்தில் அவள் முகத்தில் துப்பினார்கள். ஒரு நாள் மத்தியானம் நனைந்துபோய் என் கடைக்கு வந்து, உள்ளே ஏறாமல் படியிலேயே நின்றாள்.

"முதலாளி, நீங்க தொரைகிட்ட ஒரு வார்த்த சொன்னாப் போதுங்க. வெந்நீர்ல போடணும்னு நான் சொன்னத நீங்க கேட்டீங்கள்ல."

"கேட்டேன் ஆயா."

"அதச் சொல்லுங்க. அது போதும் எனக்கு."

"கொஞ்சம் பொறு. எனக்கு உறுதியாத் தெரியணும்."

"எப்பங்க தெரியும்?"

"ஒரு வாரம் குடு."

அவள் கும்பிட்டுவிட்டுப் போனாள். அவளைக் காப்பாற்றுவதாக நான் சொன்னேன் என்றுதான் அவள் எடுத்துக்கொண்டிருக்க வேண்டும். அது தவறல்ல. அதற்காகத்தான் அடுத்த காரியத்தைச் செய்தேன்.

யோசித்துப் பாருங்கள். ஒரு பிள்ளை இறந்தது. அதை வைத்து காளியாயிதான் செய்தாள் என்று சொல்வது அநியாயம் என்றால், மைதான் செய்தது என்று சொல்வதும் அதே அளவு அநியாயம்தானே. குளிராகவும் இருக்கலாம். ஒரு சந்தேகத்தைத் தூக்கிக்கொண்டு துரையிடம் போவதற்கு நான் லயத்துப் பெண் அல்ல.

கீழ் டிவிசனில் வேறொரு பிள்ளைக்காம்பரா இருக்கிறது. அங்கே ஆயா நாகலெட்சுமி. காளியாயி அந்தப் பக்கம் போவதே இல்லை. ஆகவே அங்கே ஏதாவது நடந்தால் அதற்கு அவள் காரணமாக முடியாது. ஒரே பீஸில் துணி கிழித்து, ஒரே மையில் அச்சடித்தேன். பாதிக்கு யானை, பாதிக்குத் தாமரை. தாமரைத் துணிகளைச் சீதாலெட்சுமியிடம் கொடுத்து, வெந்நீரில் அவித்து, அடுப்புக்கு மேலே கொடி கட்டிக் காயவைத்து, பெட்டி போட்டு மடிக்கச் சொன்னேன். யானைத் துணிகளை நனைக்கவில்லை. கோடி என்று கொடுத்தால் கோடியாகத்தான் கட்டுவார்கள் என்பது எனக்குத் தெரியும்.

தருமமாகத் தருகிறேன் என்றதும் நாகலெட்சுமிக்கு ஒரே சந்தோஷம். எந்தத் தாய்க்கு வீட்டில் எத்தனை பிள்ளைகள் என்று கேட்டேன்.

"எதுக்குங்க முதலாளி, கணக்கெடுக்க வந்த ஐயாவாட்டம் கேக்குறீங்க?"

"சும்மாதான். படம் பாத்துக் குடுக்கலாம்னு."

"இம்புட்டு அக்கறையா. ஒங்க வீட்டுலயும் ஒன்னு பொறக்கட்டும் சாமி. அதுக்கு நாந்தான் வந்து மொதத் துணி கட்டுவேன்."

ஏற்கனவே பிள்ளைகள் இருக்கிற வீட்டுக் குழந்தைகளுக்கு யானை கொடுத்தேன். தலைப்பிள்ளைகளுக்குத் தாமரை. இரக்கமில்லாதவன் என்று நேற்று அந்தக் கான்ஸ்டபிள் சொன்னார். இரக்கமில்லாதவன் கண்ணை மூடிக்கொண்டு கொடுத்திருப்பான். அம்மாக்கண்ணுவுக்கு ஏற்கனவே மூன்று. அவளுக்கு யானை. மறுநாள் காலையில் எல்லாப் பிள்ளைகளுக்கும் கட்டிவிடுவதாக நாகலெட்சுமி சொன்னாள்.

அன்று மாலையே காளியாயியை ஆற்றிலிருந்து பிணமாகத் தூக்கினார்கள். காலையில் பெண்கள் அவள் மயிரைப் பிடித்து இழுத்தார்களாம். அதன்பின் அவளை யாரும் காணவில்லையாம். நான் கேட்ட ஒரு வாரத்தில் இன்னும் இரண்டு நாள் மிச்சமிருந்தது. இதை நான் மனக்கசப்போடு சொல்லவில்லை. ஆனால் அவள் பொறுத்திருந்தால் அவள் குற்றமற்றவள் என்பதற்கு என் கையில் ஆதாரம் இருந்திருக்கும். நான் இவ்வளவு சிரமப்பட்டது யாருக்காக?

துணியைத் திருப்பி வாங்கியிருக்கலாமே என்று கேட்கிறீர்கள். வாங்கியிருக்கலாம். பிள்ளைக்காம்பராவுக்குப் போய்வர விடியும்வரை நேரம் இருந்தது. போவதா என்று யோசிக்கவும் செய்தேன். பாதியில் நிறுத்தினால் எதுவுமே தெரியாமல் போயிருக்கும்.

மறுநாள் அம்மாக்கண்ணுவின் பெண் பிள்ளை நீலம் பூத்து இறந்தது. யானை கட்டிய வேறு இரண்டு பிள்ளைகளுக்கும் உதடு கறுத்து, பிறகு தேறின. தாமரைப் பிள்ளைகள் எதற்கும் ஒரு தும்மல்கூட இல்லை. செத்தும் காளியாயி விடவில்லை பார் என்று லயங்களில் வேப்பிலை கட்டினார்கள். எனக்கு அன்று நல்ல தூக்கம் வந்தது. துக்கம் இல்லாமல் அல்ல. சந்தேகம் தீர்ந்துவிட்டது; பூரணியின் வீட்டில் துக்கம் கேட்டு வந்த நாளிலிருந்து என்னை அரித்துக்கொண்டிருந்தது அதுதான்.

சீதாலெட்சுமி சந்தையில் கேள்விப்பட்டு வந்தாள். கூடையை இறக்கி வைக்கவில்லை.

"அந்தப் புள்ளைக்கு என்னா படங்க?"

"யானை."

"தாமரைய மட்டும் ஏங்க அவிக்கச் சொன்னீங்க? மத்த பாதிய ஏங்க வேணாம்னீங்க?"

அவளிடம் நான் பொய் சொன்னதில்லை. உங்களுக்கு இப்போது சொன்னதுபோலவே நிதானமாக விளக்கினேன். அவள் முழுவதும் கேட்டாள். பிறகு கிளிக் கட்டையையும் யானைக் கட்டையையும் எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டு தன் அண்ணன் வீட்டுக்குப் போனாள். அங்கிருந்து உங்களிடம் வந்திருக்கிறாள். அவள்மேல் எனக்குக் கோபமில்லை. பதறுகிற சுபாவம்.

மை டின்னை ஏன் டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டவில்லை என்று காலையிலிருந்து திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். அது எனக்குத் தோன்றாமல் இல்லை. ஆனால் அவர் மையைப் பார்த்துவிட்டு, கெட்டது, தூக்கிப் போடு என்று சொல்லியிருப்பார். மேல் டிவிசனில் நடந்தது மையினாலா குளிரினாலா என்பது அப்படியே நின்றிருக்கும். கோடியாகக் கட்டட்டும் என்று சிரித்துக்கொண்டு சொன்ன என் ஒரு வார்த்தைதான் பூரணியின் பிள்ளையைக் கொன்றதா என்பதும் நின்றிருக்கும். குளிர் என்று தெரிந்திருந்தால் நான் நிம்மதியாக இருந்திருப்பேன். அப்படித் தெரியவரலாம் என்ற நம்பிக்கை எனக்கு அம்மாக்கண்ணுவின் வீட்டில் அழுகை கேட்கும்வரை இருந்தது.

நாகலெட்சுமியை ஏன் பிடித்து வைத்திருக்கிறீர்கள் என்று தெரியவில்லை. அவளை விட்டுவிடுங்கள். அவள் நான் கொடுத்ததைக் கட்டினாள். எந்தப் பிள்ளைக்கு யானை, எந்தப் பிள்ளைக்குத் தாமரை என்று ஒவ்வொன்றாகப் பார்த்துத் தீர்மானித்தது நான். யானை கட்டிய பிள்ளை சாகக்கூடும் என்று தெரிந்தே தீர்மானித்தேன். ஆதாரம் இல்லாமல் ஒரு ஏழைப் பெண்மேல் சந்தேகப்படுவது பாவம், ஐயா. அதை மட்டும் நான் என் வாழ்நாளில் செய்ததில்லை.