படகுக்காரிக்கு அழுகை வந்த கதை

எங்கள் அலுவலகக் காபி இயந்திரம் பக்கவாட்டில் இரண்டு தட்டுத் தட்டினால்தான் காபி தரும். என் வேலையும் கிட்டத்தட்ட அதுதான்.

விசாரணைக் குழுவுக்கு விளங்கும்படி சொல்கிறேன். கம்ப்யூட்டர் விளையாட்டுகளில் வரும் ஆட்களுக்கு உணர்ச்சி வைப்பவன் நான். கோபம் எவ்வளவு ஏற வேண்டும், எப்போது தணிய வேண்டும் என்பதைப் பூஜ்யத்திலிருந்து நூறு வரை எண்ணாக எழுதிக் கொடுப்பேன். புது விளையாட்டின் படகுக்காரிதான் என்னைப் படுத்தி எடுத்தாள்.

"இவ அழறாளா, தும்மப் போறாளா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டார் இயக்குநர். எனக்கு மானம் போயிற்று.

என் மனைவிக்கு எதுவானாலும் முகத்தில் தெரிந்துவிடும். அவளுக்குத் தெரியாமல் புத்தக அலமாரியில் சின்னக் கேமரா ஒன்றை வைத்தேன். அவள் மூக்குக்கண்ணாடியை ஒளித்தேன்: கோபம் முப்பது, ஏழு நிமிடத்தில் தணிந்தது. அவள் ஆசையாய் வளர்த்த ரோஜாவுக்கு வெந்நீர் ஊற்றினேன்: வருத்தம் நாற்பத்தைந்து.

"யாருங்க இப்படிப் பண்ணியிருப்பாங்க?" என்று என்னிடமே கேட்டாள். ஆறுதல் சொன்னேன். ஆறுதலுக்கு எவ்வளவு குறைகிறது என்றும் குறித்துக்கொண்டேன்.

வருத்தம் நூறு மட்டும் வரவில்லை. அவளுக்குத் தம்பி என்றால் உயிர். ஒரு ஞாயிறு மதியம் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"உன் தம்பி போயிட்டான்மா. ஆக்சிடென்ட். இப்பத்தான் போன் வந்துச்சு" என்றேன்.

கையிலிருந்த சட்டையை ஒழுங்காக மடித்து வைத்துவிட்டுத்தான் அவள் தரையில் சரிந்தாள். எந்தப் பாடப்புத்தகத்திலும் அது இல்லை. பூரித்துப்போனேன். இருபது நிமிடம் பதிவு செய்வதாகத் திட்டம். மனம் கேட்காமல் பதினோராவது நிமிடத்தில் உண்மையைச் சொல்லிவிட்டேன். என்னை இரக்கமற்றவன் என்பவர்கள் அந்த ஒன்பது நிமிடத்தையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

அவள் என்னைத் திட்டவில்லை. தம்பிக்குப் போன் செய்து, "சாப்பிட்டியாடா?" என்று மட்டும் கேட்டாள். பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

விளையாட்டு வெளிவந்தது. படகின் பாயை மடித்து வைத்துவிட்டு அழும் படகுக்காரியைப் பார்த்து ஆயிரக்கணக்கானோர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். மைத்துனனும் விளையாடியிருக்கிறான். அக்காவின் அழுகை அவனுக்குத் தெரியாதா? உங்களுக்குப் புகார் வந்தது அப்படித்தான். ஆமாம், எல்லாம் செய்தது நான்தான்.

மன்னிப்புக் கேட்டால் படகுக்காரியின் கோபம் மூன்றே நாளில் பூஜ்யமாகிவிடும். என் மனைவியை அளந்து போட்ட கணக்கு அது. நானும் கேட்டுவிட்டேன்; அவள் போய் ஐந்து மாதமாகிறது. அட்டவணையில் எங்கோ ஓர் எண் தவறு, அவ்வளவுதான். எப்படியும் வந்துவிடுவாள். கேமராவை வாசல் பக்கம் திருப்பி வைத்திருக்கிறேன். அடுத்த விளையாட்டுக்குச் சந்தோஷம் நூறு தேவைப்படுகிறது.