ஊசி முனைக் கீறல்

உங்கள் ஸ்டேஷன் ஜன்னலுக்குப் பெயிண்ட் அடித்தவர், துருவைச் சுரண்டாமலே அடித்திருக்கிறார், இன்ஸ்பெக்டர். மேலே பச்சையாகப் பளபளக்கிறது. உள்ளே வேலை நடந்துகொண்டே இருக்கிறது. குறையாகச் சொல்லவில்லை. பல வருடமாகத் துருவோடு குடித்தனம் நடத்துகிறவன் நான். கண் தானாக அங்கே போகிறது.

என் பெயர் நஞ்சுண்டன். கோயம்புத்தூரில் ஒரு பொறியியல் கல்லூரியில் விரிவுரையாளர். பல்லடம் பக்கம் என் அக்கா நாச்சியம்மாளின் தோட்டத்துக் கிணற்றில் மோட்டார் மேடை சரிந்ததை விபத்து என்று முடித்திருக்கிறீர்கள். அதில் ஒரு சின்னத் திருத்தம் சொல்ல வந்தேன்.

என் வேலை கம்ப்யூட்டரில்தான். இரும்பின் அணுக்களைத் திரையில் வரிசையாக அடுக்கி, மேலே உப்புத் தண்ணீரை விடுவேன். எல்லாம் கணக்கு, நிஜத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. நடுவே நிக்கல் துகள்களைப் பரப்புவேன். தலைமுடியின் தடிமனைப் பத்தாயிரமாக வகுத்தால் வருகிற அளவுத் துகள். நானோ என்கிற வார்த்தையை நம் ஊரில் இப்போதுதான் சொல்லப் பழகுகிறார்கள். ஒரு கேள்விக்குக் கம்ப்யூட்டர் பதில் சொல்ல வாரக்கணக்கில் ஆகும். இடையில் கரண்ட் போனால் மறுபடி முதலிலிருந்து.

அப்படிக் காத்திருந்து இரண்டு விஷயங்களைக் கண்டுபிடித்தேன். பூச்சு முழுதாக இருந்தால் உப்பு இரும்பைத் தொடாது. பூச்சில் ஊசி முனையளவு கீறல் விழுந்தால் கதை தலைகீழ். சுற்றியுள்ள பூச்சு மொத்தமும் சேர்ந்து, அந்தக் கீறலில் தெரிகிற இரும்பைக் கரைத்துவிடும். பூச்சே இல்லாத கம்பி அதைவிட அதிக நாள் தாங்கும்.

நான் திரையில் பார்த்ததை ஆய்வகத்தில் செய்து காட்டியவர் சரவணன். வேதியியல் துறை, கோபிசெட்டிபாளையத்துக்காரர். முலாம் தொட்டியில் சின்னச் சின்னத் துண்டுகளுக்குப் பூச்சுக் கொடுத்து, உப்பில் ஊறப்போட்டுப் பார்த்துவிட்டு, "நீங்க சொன்னது அப்படியே வருதுங்க சார்" என்பார். என்மேல் அவ்வளவு நம்பிக்கை.

என் அக்கா வீட்டுக்காரர் ஆறுச்சாமிக்கு அந்த நம்பிக்கை இல்லை. போன வருடம் ஒரு காதுகுத்து விருந்தில், பந்தியில் உட்கார்ந்து சொன்னார். "ஏனுங்க, நம்ம மாப்ளயப் பாருங்க. இரும்ப வெச்சு வீடியோ கேம் ஆடறாரு. அதுக்குக் காலேஜுல சம்பளம் வேற குடுக்கறாங்க."

நான் கீறல் விஷயத்தைப் பொறுமையாக விளக்கினேன்.

"ஊசியில கீறுனா கம்பி அத்துப்போவுமுங்களா? எம்பட புல்லட்டுல இல்லாத கீறலா? அப்பிடிப் பாத்தா நா எப்பவோ போய்ச் சேந்திருக்கோணுமே மாப்ள."

பந்தியே சிரித்தது. பரிமாறிக்கொண்டிருந்த அக்காவும் சிரித்தாள். எனக்குக் கோபம் வரவில்லை. அவர் நல்ல மனிதர். நிரூபணம் கேட்கிறார், அவ்வளவுதான்.

அடுத்த மாதமே அவருடைய கிணற்றுக்குப் புது மோட்டார் வந்தது. சாயப்பட்டறைத் தண்ணீர் இறங்கி, அந்தக் கிணறு நாக்கில் வைக்க முடியாத உப்பு. கிணற்றுக்குள் தொங்கும் மோட்டார் மேடையைத் தாங்கும் இரண்டு இரும்புக் கம்பிகளுக்கு நானே பூச்சுப் போட்டுத் தருகிறேன் என்றேன். மச்சானுக்குச் சந்தோஷம். சரவணன் மட்டும், "கீறல் விழுந்தா ஆபத்துன்னு அவருகிட்டச் சொல்லிப்போடுங்க சார்" என்றார். சொல்லிவிட்டேன் என்றேன். பந்தியில் சொன்னதுதானே.

கம்பிகளை மாட்டிய அன்று, மேடையிலிருந்து கடைசியாக ஏறியவன் நான். ஏறும் முன், ஒவ்வொரு கம்பியிலும் நட்டுக்கு மேலே மோதிரம் போல ஊசியால் ஒரு சுற்றுக் கீறினேன். கூர்ந்து பார்த்தாலும் தெரியாது.

மோட்டாரை மட்டும் அந்தக் கம்பி தாங்கிக்கொள்ளும். கூட ஓர் ஆள் ஏறினால்தான் சோதனை முழுமையாகும். எங்கள் பக்கம் ஆயுத பூஜைக்கு மோட்டாருக்கும் சந்தனம், குங்குமம் வைப்பது உண்டு. ஆறுச்சாமி வீட்டில் அதை ஆள்காரர்களிடம் விடமாட்டார்கள். அவரே கிணற்றில் இறங்கி, மேடையில் நின்று, பொட்டு வைத்துச் சூடம் காட்டுவார். அதற்கு நடுவே மோட்டார் கெட்டிருந்தால் மெக்கானிக் ஏறியிருப்பான். நல்ல கம்பெனி மோட்டார், கெடவில்லை.

பூஜை அன்று சரவணனையும் அழைத்துப் போனேன். பூச்சு எப்படி இருக்கிறது என்று பார்க்க அவருக்கு ஆசை. போன இடத்தில் ஒரு சிக்கல். மச்சானின் பங்காளி வீட்டில் ஒரு சாவு. அவருக்குத் தீட்டு, சாமி காரியத்தைத் தொடக்கூடாது.

அக்கா பூஜைத் தட்டைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள். "பூசை நிக்கக் கூடாது கண்ணு. எங்களுக்குத்தான தீட்டு? பொறந்தவன் உனக்கு இல்லயே. எறங்கிப் பொட்டு வெச்சுப்போட்டு வா."

"பயப்படாதீங்க மாப்ள. உங்க கம்ப்யூட்டர்க் கம்பிதான் தாங்குது" என்றார் மச்சான்.

தட்டைச் சரவணனிடம் நீட்டினேன். "பூச்சைப் பக்கத்துல பாக்கோணும்னு சொன்னீங்களே, நீங்களே வெச்சுருங்க."

அவர் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். படியில் கால் வைக்கும்போது திரும்பிச் சிரித்தார். "கீறல் கீது ஒன்னும் விழலீங்களே சார்?"

"ஒன்னும் இல்லீங்க. தைரியமா எறங்குங்க" என்றேன்.

அந்த இடத்தில் நிறுத்தியிருக்கலாம் என்று உங்களுக்குத் தோன்றும். நிறுத்தினால் காரணம் சொல்ல வேண்டும். ஒரு வருடக் காத்திருப்பும் வீண். சரவணன் மச்சானைவிட இளைத்த உடம்பு. அந்த நேரத்தில் என் கவலையெல்லாம் அவர் எடை போதுமா என்பதுதான்.

போதுமானதாக இருந்தது.

மணிச் சத்தம் கேட்டது. பிறகு கம்பி அறுந்த சத்தம். மோட்டாரும் மேடையும் அவரும் ஒன்றாகத் தண்ணீருக்குள் போனார்கள். கிரேன் வைத்து எடுத்தபோது நான் முதலில் பார்த்தது கம்பியின் முனையை. சுற்றிலும் கறுப்பு, நடுவே மிளகளவு வெள்ளை இரும்பு. திரையில் பார்த்த அதே வடிவம். மச்சான் தலையில் அடித்துக்கொண்டு அழுதார். சரவணனின் அம்மா சாமியாத்தாள் வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "எங்க சாருன்னு உங்களத்தான் சாமி வாய் ஓயாமச் சொல்லுவான்." அவரைச் சமாதானப்படுத்தி, சாப்பிட வைத்து, பஸ் ஏற்றி அனுப்பினேன்.

எல்லாம் ஒழுங்காகத்தான் முடிந்தது. ஆனால் மச்சான் ஊர் முழுக்க ஒன்று சொல்லிக்கொண்டு திரிகிறார். "கம்ப்யூட்டர் மருந்து நம்மூரு உப்புத் தண்ணிக்குப் புடிக்கலீங்க. பாவம், மாப்ள என்ன பண்ணுவாரு?" பாவம் என்கிறார். நீங்களும் அதைக் கேட்டு, பூச்சு தரமில்லை, அதனால் விபத்து என்று எழுதிவிட்டீர்கள். கல்லூரியில் என் ஆராய்ச்சியை நிறுத்திவிட்டார்கள்.

அந்தக் கம்பிகள் உங்கள் ஸ்டேஷனில்தான் இருக்கின்றன. எடுத்துப் பாருங்கள். கீறல் படாத இடமெல்லாம் இன்றைக்கும் புதுசு. கீறியது நான். கீறல் இல்லை என்று சொல்லி ஆளை இறக்கியதும் நான். சரவணனைக் கொன்றது நான் என்று தாராளமாக எழுதிக்கொள்ளுங்கள். பூச்சு தரமில்லை என்ற வரியை மட்டும் அடித்துவிடுங்கள்.

அடித்த பிறகு மச்சானைக் கூப்பிட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி ஒருமுறை சத்தமாக வாசித்துக் காட்டுங்கள். அவர்மேல் எனக்குக் கோபம் எதுவும் கிடையாது.